பேகன் மலையும் புதிய பாட்டும்

இற்றைக் காலத்தில் உயர்ந்த புதிய இசைத்தொகைகள் தோன்றுகின்றனவா என்னும் வினா இசையார்வலர் கூடும் இடமெல்லாம் எழுகின்றது. முதியோர் தலையசைத்து, 'அக்காலம் போயிற்று' என்கின்றனர். தம் இளமையிற் கேட்ட இசைத்தட்டுகளையும் ஒலிப்பேழைகளையும் எண்ணிப் பெருமூச்செறிகின்றனர். இளையோரோ, உள்ளங்கையளவுக் கைப்பேசியில் பல்லாயிரம் பாட்டுகள் அடங்கிக் கிடப்பதைக் காட்டி, 'இத்தனை இருக்க, இல்லையென்பது எங்ஙனம்?' என்று நகைக்கின்றனர். இரு சாராரும் ஒன்றை மறந்தே வழக்கிடுகின்றனர். உயர்ந்ததென்று ஒன்றைச் சொல்லுதற்கு அளவுகோல் வேண்டும். நெல்லை அளக்க மரக்காலும் பொன்னை நிறுக்கத் துலாக்கோலும் இருப்பதுபோல், பாட்டை அளக்கவும் ஒரு கோல் வேண்டும். அக்கோல் இன்மையால், முதுமை தன் ஏக்கத்தையும் இளமை தன் செருக்கையுமே அளந்துகொண்டிருக்கின்றன.

அக்கோலைத் தேடித் தமிழர் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. பழனி மலைக்குச் சென்றாற் போதும். கழகக் காலத்தில் பொதினி எனப்பட்ட அம் மலைநாட்டை ஆண்டவன் ஆவியர்குடித் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிச் சிறுவரும் அவனை அறிவர். ஆயின், அப்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான் என்பதும், அக்கொடுமை பொறாது புலவர் நால்வர் அவனைப் பாடித் திருத்த முயன்றனர் என்பதும் பலர் கருத்திற் பதியாத செய்திகள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடிய ஐந்து பாட்டுகள், புறநானூற்றில் 143 முதல் 147 வரை இன்றும் நிற்கின்றன.

அப்பாட்டுகளின் பொருளை நோக்குக. தாம் பசித்து வரவில்லை என்றும், தம் சுற்றத்தைப் புரத்தற்கு வரவில்லை என்றும், அன்றிரவே அவன் தேரேறிச் சென்று கண்ணகியின் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் பரணர் கூறுகின்றார். அணிகலனும் செல்வமும் வேண்டா என்கின்றார் அரிசில்கிழார். இரக்கத்திற்குரிய மாலைப் பண்ணாகிய செவ்வழியை யாழில் இசைத்தே அவன் காட்டைப் பாடியதாகவும் குறிப்பு உளது. வள்ளலென்று உலகு புகழும் ஒருவனின் முன் நின்று, பொன்னை வேண்டாது, அவன் செய்த தீங்கைத் திருத்துமாறு வேண்டினர் அப்புலவர். அவன் மலையின் அழகைப் பாடிய அதே வாயால் அவன் பிழையையும் எடுத்துரைத்தனர்.

இதுவே தமிழ் தந்த அளவுகோல். பாட்டு ஒரு நிலத்தில் வேரூன்றியிருத்தல் வேண்டும். சொல்லவேண்டியதைப் பரிசில் நோக்காது சொல்லுதல் வேண்டும். சொல்லும் பொருளுக்குப் பொருந்திய பண்ணில் அது நடத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய பாட்டே ஈராயிரம் ஆண்டு கடந்தும் உயிரோடு நிற்கும்.

இனி, தனிப்பாட்டு வேறு, தொகை வேறு. பல பாட்டுகளை ஒரு கருத்தாலும் ஒரு முறையாலும் கோத்து ஒன்றாகத் தருவதை இன்று உலகோர் பெருங்கலையாகப் பேசுகின்றனர். தமிழர்க்கு அது புதிதன்று. எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல், இசைக்கென்றே அமைந்த தொகை. அதிற் பல பாட்டுகளின் இறுதியில் பாடினார் பெயர் ஒருபுறமும், இசை வகுத்தார் பெயர் ஒருபுறமும், பண்ணின் பெயர் ஒருபுறமுமாகக் குறிக்கப்பட்டுள்ளன. கண்ணாகனார், நன்னாகனார், பெட்டகனார் முதலாய இசையறிஞர் பெயர்களும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களின் பெயர்களும் அங்ஙனமே கிடைத்தன. உலகில் இத்துணைப் பழமையான காலத்தே இசை வகுத்தோனுக்கும் பாவலனுக்கும் ஒப்ப இடந்தந்த மொழிகள் மிகச் சிலவே.

ஆயினும் அத்தொகைக்கு நேர்ந்ததை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது. பரிபாடல் எழுபது பாட்டுகளைக் கொண்டதென்று பழைய வெண்பா ஒன்று கணக்குரைக்கின்றது. 1918-இல் உ.வே.சா. அந்நூலைப் பதிப்பித்தபோது முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. செவ்வேளாகிய முருகனுக்குரிய 31 பாட்டுகளுள் எஞ்சியவை எட்டு. அவற்றிலும் சொல் எஞ்சியது; இசை எஞ்சவில்லை. நோதிறப் பண்ணை அவர் எவ்வாறு பாடினர் என்று இன்று அப்படியே பாடிக் காட்டுவார் எவரும் இலர். உயர்ந்த தொகையை ஆக்குவது ஒரு பணி. அதனைக் காப்பது மற்றொரு பணி. முன்னையதில் வென்ற தமிழினம் பின்னையதில் தோற்றது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டே இற்றை நிலையை ஆராய்தல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் அதன்பின் ஒலிப்பேழையும் வந்தன. தமிழ்நாட்டில் அவற்றின் பெரும்பகுதியைத் திரைப்படமே கைப்பற்றிக்கொண்டது. திரைப்பாட்டில் உயர்ந்தவை இல்லையென்பது பிழை. மிக உயர்ந்தவை பல உள. எனினும் திரைப்பாட்டு, பிறனொருவன் எழுதிய கதைக்குள், பிறனொருவன் குறித்த இடத்தில், குறித்த நேரத்திற்குள் நின்று பாட வேண்டுவது. இசைவாணன் தானே ஒரு கருத்தை எடுத்துத் தொடக்கமும் முடிவும் தானே வகுத்து ஒரு தொகையாகத் தருவதற்கு அங்கே இடம் குறைவு. திரைக்கு வெளியே மக்கள் பெருவாரியாகக் கேட்டவை வழிபாட்டுப் பாட்டுகளே. டி.எம். சௌந்தரராசன், சீர்காழி கோவிந்தராசன், சூலமங்கலம் உடன்பிறந்தார் ஆகியோரின் முருகன் பாட்டுகள் பழனி அடிவாரத்துக் கடைகளில் ஒலிப்பேழைகளாய் விற்றன; தைப்பூசத்திற்கு நடந்து வருவோரின் கால்களுக்கு அவை துணையாயின.

அப்பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராசா. திரையிசையில் உச்சியில் நின்ற காலத்திலேயே அவர் 1986-இல் திரைக்கு வெளியே கருவியிசைத் தொகையொன்றை ஆக்கினார். தியாகராசருக்கும் செருமானிய இசையறிஞர் பாக்கிற்கும் வணக்கமாக அமைந்த அத்தொகை, இரு வேறு இசைமரபுகளை ஒரே அவையில் அமர்த்திய அரிய ஆக்கம். 'இதற்கு என்ன பெயரிடுவது?' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே அதற்குப் பெயராயிற்று. பண்ணைப்புரத்துப் பிள்ளையின் படைப்புக்குப் பெயரிடத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை போலும்! அக்குறையை 2005-இல் அவரே ஒருவாறு தீர்த்தார். மணிவாசகரின் திருவாசகத்தை எடுத்து, அங்கேரி நாட்டின் புடாபெசுட்டு நகர்ப் பல்லியக் குழுவோடு இணைத்து இசைத்தொகையாக்கினார். 2025 மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் முதற் சிம்பொனியை அரங்கேற்றினார். எண்பதை எட்டிய அகவையிலும் புதியது படைக்கும் ஒருவர் கண்முன் இருக்க, புதிய உயர்ந்த தொகைகள் தோன்றவில்லை என்பது பொருந்தாது.

ஆயினும் பேகன் மலை தந்த கோலின் இரண்டாங் கூறு ஒன்றுண்டு: பரிசில் நோக்காது தீங்கை எடுத்துரைத்தல். அதற்கும் இக்காலத்தில் எடுத்துக்காட்டு உண்டா? உண்டு. வியப்பு யாதெனின், அதுவும் அதே மலைத்தொடரிலேயே நிகழ்ந்தது.

கோடைக்கானலில் 1980-களின் முற்பகுதியில் காய்ச்சல் அளக்கும் வெப்பமானி செய்யும் தொழிலகம் ஒன்று அமைந்தது. அமெரிக்க நாட்டில் இயங்கிய ஆலையின் பொறிகளே அங்கே கொண்டுவரப்பட்டன. பின்னர் அது இந்துசுத்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. வெப்பமானிக்குள் ஏறி இறங்குவது இதள் எனப்படும் பாதரசம். ஆவியாய் மூச்சிற் புகுந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. இதள் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் பழம்பொருட் கடையொன்றிற் குவிந்து கிடந்ததை 2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊர்மக்களும் சூழல் காப்பாளரும் வெளிப்படுத்தினர். தொழிலகம் மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. ஆயின் மண்ணிற் கலந்தது மண்ணிலேயே நின்றது. தொழிலகத்தை அடுத்துள்ளது பாம்பார்ச் சோலை; அதன் நீர் கீழிறங்கி வையையின் படுகையை அடைவது. பணியாற்றியோர் தம் உடல்நலம் கெட்டதென்று முறையிட்டனர். அந்நலக்கேட்டிற்குத் தன் ஆலை கரணியமன்று என்று நிறுவனம் மறுத்தது. வழக்கும் முறையீடுமாகப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. நாளிதழ்கள் எப்போதேனும் எழுதின. நாடு மறந்தது.

2015 சூலைத் திங்களின் இறுதியில் ஒரு பாட்டு வெளிவந்தது. சென்னையைச் சேர்ந்த சோபியா அசரப் என்னும் இளம்பெண் அதனைப் பாடினார். அமெரிக்கப் பாடகி நிக்கி மினாசின் பெயர்பெற்ற பாட்டொன்றின் மெட்டில், 'கோடைக்கானல் விடாது' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டது அப்பாட்டு. இரண்டு மூன்று நிமையங்களே ஓடும் அதனைச் சில நாள்களுக்குள் வலையொளியிற் பார்த்தோர் பத்து இலக்கத்தையும் கடந்தனர். மெட்டுக்குரிய பாடகியே அதனைத் தம் அன்பர்களுக்கு எடுத்துக்காட்டினார். உலகின் பல நாட்டு இதழ்கள் கோடைக்கானலின் பெயரை எழுதின. 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாட்டில் நிறுவனம் கையொப்பமிட்டது. ஒரு பாட்டே இதனைச் செய்தது என்பது மிகை; பதினைந்து ஆண்டு தளராது நின்ற தொழிலாளரின் உழைப்பே முதற் கரணியம். எனினும் மறந்தோரை நினைக்கச் செய்தது பாட்டு.

மண்ணின் நஞ்சு நீங்காமை கண்டு 2018-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டாம் பாட்டு வந்தது. இம்முறை சோபியாவோடு, இசையரங்குகளிற் பெயர்பெற்ற பாடகர் டி.எம். கிருட்டிணாவும் சேர்ந்து பாடினார். மேலைநாட்டில் ஒப்பாத அளவிற்கு நஞ்சைத் தமிழ்மண்ணில் விட்டுவிடலாமோ என்பதே அதன் வினா. துள்ளலிசையும் பண்ணிசையும், ஆங்கிலமும் தமிழும் அதில் அடுத்தடுத்து நின்றன. அவ்வாண்டே பழனி மலையில் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் பூத்தது.

தமிழ்நெஞ்சர் இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையை விழுங்கியே ஆக வேண்டும். உலகை அசைத்த முதற்பாட்டு தமிழ்ப்பாட்டன்று. மொழி கடன், மெட்டும் கடன். 'தமிழ்மலையின் துயரை ஆங்கிலத்திற் பாடுவதா?' என்று சினந்தெழுவோர் உண்டு. அச்சினத்திற்கு முன் நாணம் வரவேண்டும். 2001 முதல் 2015 வரை தமிழில் எத்தனை பாட்டுகள் திரையில் வந்தன! அவற்றுள் கோடைக்கானலின் ஏரியும் முகிலும் காதலர்க்குப் பின்திரையாய் நின்றவை எத்தனை! அவ்வேரிக்கு அருகிலேயே நஞ்சுண்டு நலிந்த தொழிலாளியைப் பாடிய தமிழ்ப்பாட்டு நாடறிய எழாதது ஏன்? பேகனின் மலையழகைப் பாடிப் பரிசில் பெற்றுக்கொண்டு, கண்ணகியின் கண்ணீரைக் காணாது நடந்திருந்தால் பரணரை எவர் நினைப்பர்? அயல்மொழியிற் பாடிய அப்பெண் செய்தது பரணரின் பணி. தமிழில் மெட்டமைத்தோர் பலர் அப்பணியைச் செய்திலர். குற்றம் யார்மேல் என்பதை நடுநின்று எண்ணுக.

அதே வேளையில், கடன்வாங்கிய மெட்டின் வரம்பையும் உணர்தல் வேண்டும். ஓர் அமெரிக்கப் பாட்டின் புகழ்மேல் ஏறிவந்த குரல் விரைவில் உலகைச் சுற்றும். மெட்டின் புகழ் தணிந்ததும் அதுவும் தணியும். உலகுக்குச் சொல்ல ஆங்கிலம் உதவிற்று. ஆனால் பாம்பார்ச் சோலையின் நீரைக் குடிக்கும் சிற்றூராள், தன் பிள்ளைக்குப் பாடிக்காட்டித் தன் ஊரின் வரலாற்றைச் சொல்ல அது உதவாது. ஒரு செய்தி மக்களின் நாவில் தலைமுறை கடந்து வாழவேண்டுமாயின், அது அவர்தம் மொழியில், அவர் கால்கள் அறிந்த தாளத்தில் இருத்தல் வேண்டும்.

அத்தகையனவும் இப்போது தோன்றுகின்றன என்பதே மகிழ்ச்சிக்குரியது. 2017 சனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் குறித்துக் கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டை, ஆனந்தபைரவி முதலாய பண்கள் மாறி மாறி வர, டி.எம். கிருட்டிணா பாடினார். அரங்குகளில் ஒதுக்கப்பட்ட சென்னைத் தெருத்தமிழ் அதில் தலைநிமிர்ந்து நின்றது. வசைச்சொல்லாய்த் தாழ்ந்துபோன 'புறம்போக்கு' என்னும் நற்றமிழ்ச்சொல், எல்லார்க்கும் பொதுவான நிலம் என்னும் தன் பழம்பொருளை மீட்டுக்கொண்டது. 2018-இல் சென்னையில் சாதியொழிப்பை முன்னிறுத்தி இசைக்குழுவொன்று மேடையேறி, கானாவையும் பறையிசையையும் பேரவையில் ஒலிக்கச் செய்தது. அக்குழுவிற் பாடிய அறிவு என்னும் இளைஞர் 2021-இல் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு உலகெங்கும் ஒலித்தது. ஈழத்து மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய மூதாட்டியரின் நினைவு அதன் வேர். 2024-இல் அவரே 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் தனித் தொகையை வெளியிட்டார். பாட்டியின் பெயரைத் தன் தொகைக்கு இட்ட பேரனைக் கண்டு, பெயரிடத் தமிழ்ச்சொல் இல்லையென்பார் நாணுக.

ஆகவே, உயர்ந்தன தோன்றுகின்றனவா என்னும் வினாவிற்கு விடை, தோன்றுகின்றன என்பதே. எஞ்சி நிற்கும் வினா, அவை தங்குமா என்பது.

இற்றை நாள் இசைவணிகம் தொகையைத் தொகையாக வாழ விடுவதில்லை. பத்துப் பாட்டுகளை ஓர் ஒழுங்கில் வைத்து இசைவாணன் தந்தால், கைப்பேசிச் செயலி அவற்றைப் பிரித்து, ஒன்றை எடுத்து, வேறு நூறு பாட்டுகளோடு கலந்து ஊட்டுகின்றது. மாலையைப் பிய்த்துப் பூவை எறிவதற்கு ஒப்பானது அது. பாட்டின் தலைப்பும் பாடுவோர் பெயரும் தெரிகின்றன. யாழ்போல் ஒரு கருவியை மீட்டியவன் யார், பறை அறைந்தவன் யார், எந்தப் பண் என்பன எளிதில் தெரிவதில்லை. அறிவின் பாட்டு உலகப் புகழ் பெற்ற அதே 2021-இல், அப்புகழைக் கொண்டாடிய ஆங்கில இசையிதழொன்றின் அட்டையில் அவர் முகம் இடம்பெறாமையால் கண்டனம் எழுந்ததை நாடறியும். ஈராயிரம் ஆண்டுக்கு அணித்தாய்ப் பரிபாடலைத் தொகுத்தோன் ஏட்டிற் செய்த அறத்தை, மின்வலை படைத்த நூற்றாண்டு செய்யத் தவறுகின்றது.

கேட்போரின் குற்றமும் சிறிதன்று. இசைத்தட்டு விலைகொடுத்து வாங்கிய காலத்தில் ஒரு தொகையை நூறுமுறை கேட்டனர். கேட்டதனால் அது நெஞ்சில் ஊறிற்று. இன்று விலையின்றி வருவதை ஒருமுறையும் முழுதாய்க் கேட்பாரில்லை. பின்னர், 'பழைய பாட்டுப்போல் மனத்தில் நிற்கவில்லை' என்கின்றனர். நிற்க இடங்கொடாதார், நிற்கவில்லை என்று குறைகூறல் முறையாகாது.

செய்யத்தக்கன சில உள. ஆண்டுதோறும் வெளிவரும் தமிழ் இசைத்தொகைகளைப் பாடினார், எழுதினார், இசை வகுத்தார், கருவி இசைத்தார், பண், தாளம் ஆகியவற்றோடு பட்டியலிட்டு நூலகங்களிற் காத்தல் வேண்டும். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தபோது, 'தமிழில் பாடுக' என்னும் குரலே பெரும்போராய் இருந்தது. இன்று அதற்கடுத்த படியாக, 'தமிழிற் பாடியதைக் காத்திடுக' என்னும் குரல் எழுதல் வேண்டும். பள்ளிகளில் இசை வகுப்பு என்பது ஆண்டுவிழாவிற்கு ஆயத்தம் செய்யும் வேளையாய்க் குறுகிவிடாமல், மாணவர் ஒரு புதிய தொகையை முழுதும் கேட்டு, அதன் பொருளையும் பண்ணையும் ஆய்ந்து எழுதும் பயிற்சியாதல் வேண்டும். பழனி மலைக்காடுகளில் தேனெடுத்து வாழ்ந்துவரும் பளியரின் பாட்டுகளை, அவர் இசைவோடும் அவர் பெயரோடும் பதிவுசெய்தல் வேண்டும். குறிஞ்சிநிலத்தின் இசையைப் பற்றி ஏடுகளில் ஆராயும் தமிழுலகு, குறிஞ்சிநிலத்தில் இன்றும் பாடும் வாயைக் கேளாதிருத்தல் பெரும்பேதைமை.

இசைவாணர்க்கும் ஒரு சொல். திரைக்கு எழுதுங்கள், வாழ்வுக்கு அது வேண்டும். ஆயின் ஆண்டுக்கொரு முறையேனும், எவரும் கேளாததை, எவரும் விலைபேசாததை, உங்கள் ஊரின் ஆற்றைப் பற்றி, உங்கள் தெருவின் தொழிலாளியைப் பற்றித் தமிழில் ஆக்குங்கள். மெட்டைக் கடன்வாங்க வேண்டா. சிந்தும் வண்ணமும் குறவஞ்சியும் தாலாட்டும் ஒப்பாரியும் உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கின்றன.

குறிஞ்சி 2018-இல் பூத்தது. கணக்குப்படி இனி 2030-இற் பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் மலையேறுவோன் பசும்புதரைக் கண்டு, 'இங்குப் பூவே இல்லை' என்று திரும்பலாம். செடியை அறிந்தவன் அங்ஙனம் சொல்லான். அவன் செய்யத்தக்கது, பூக்கும் நாள் வருமளவும் அப்புதர் வெட்டுண்ணாமலும் அதன் மண் நஞ்சாகாமலும் காத்தலே. தமிழிசைக்குத் தமிழர் செய்ய வேண்டுவதும் அதுவே.